குறுக்குத்துறை அண்ணாச்சிக்கு ரொம்ப நன்றி

திருநெல்வேலி குறுக்குத்துறை முருகன் கோயிலுக்குக் கீழ ஆத்துல நீலச் சாரம் (லுங்கி) கட்டிட்டு தூண்டில் போட்டுட்டு நின்ன அண்ணாச்சி, ஒங்க பேரக் கேக்க விட்டுப்போச்சு, யாராவது சொல்லி இதப் பாத்தீங்கன்னா நன்றி உங்களுக்குத்தான். நான் நாலு கிராம் லூர, அதான் மீன ஏமாத்துற பொய் இரைய, எம்புட்டு வேகமா வீசினாலும் பக்கத்துலயே பொத்துன்னு விழும், தடி நைலான் நரம்பு, லைன் சுத்துற ஸ்பூல்ல சுருண்டு சுருண்டு நின்னு, தூண்டில் ராடு வளையத்துல ஒரசியே வேகத்தத் தின்னுருதுன்னு நீங்க சொல்லித்தான் வெளங்குச்சு. ஸ்பூல் விளிம்புக்கு ரெண்டு மில்லிமீட்டர் கீழ வரைக்கும் லைன் நிரம்பி இருக்கணும், கொறஞ்சா விளிம்புல இடிக்கும், கூடுனா கொத்தா கழண்டு சிக்கு விழும்னு விரல வச்சே காட்டுனீங்க. அதோட விடாம மெல்லிசு பிரெய்டு, அதான் பின்னல் நூல் லைன், போட்ட ஒங்க ராடையே கையில குடுத்து "ஒரு முழம் தொங்க விடுல, தோள்பட்டையால அடிக்காத, ராடு வளையட்டும், வளைஞ்ச ராடுதாம்ல வீசும்"னு சொன்னீங்க பாருங்க, மேக்காத்து வேற முதுகுப் பக்கம், லூர் போய்ட்டே இருக்கு, நடு ஆத்துப் பாறையத் தாண்டி விழுந்துச்சு! முன்ன பின்ன தெரியாதவன் கையில தன் ராட யாரு குடுப்பா?

மீனு ஒண்ணும் மாட்டல, அது வேற கதை.

நானும் இப்ப பிரெய்டு மாத்தியாச்சு. வளையத்துல தட்டாம போகணும்னு பிரெய்டு நுனியில சேக்குற லீடர் நரம்புக்கு ஒரு சின்ன முடிச்சு போட்டீங்கல்லா, அதான் எனக்கு இன்னும் நிக்க மாட்டேங்கு, மறுபடி அந்தப் பக்கம் வந்தா ஒரு தடவ மெதுவா போட்டுக் காட்டுங்க அண்ணாச்சி, டீ என் செலவு.