போனில் காசு இல்லையா?

லெஸ்டர், இங்கிலாந்து
12 டிசம்பர்

அம்மா,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. 'போனில் காசு இல்லையா, நான் வேண்டுமானால் போட்டு விடட்டுமா' என்று கேட்டிருந்தாயே, படித்ததும் வெட்கமாகப் போய்விட்டது. ஷிஃப்ட் மாறியதுதான் காரணம், வேறொன்றுமில்லை.

நீ சொல்கிற அந்தக் காசு போடுவதற்கு இங்கே டாப் அப் என்று பெயர். ஊரில் நமக்கு அது செல்போனோடு சரி. வந்த புதிதில் பக்கத்து வீட்டுப் பாட்டி டீக்குக் கூப்பிட்டார். பாதிதான் குடித்திருப்பேன், கெண்டியைத் தூக்கிக்கொண்டு 'ஷல் ஐ டாப் யூ அப்?' என்றார். நான் 'வேண்டாம், பேலன்ஸ் இருக்கிறது' என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் தூங்கிக்கொண்டிருந்த நாய் எழுந்து வந்துவிட்டது. அப்புறம் விளக்கினார்: கொஞ்சம் மிச்சம் இருக்கும்போது மேலே ஊற்றி நிரப்பினால்தான் டாப் அப், காலிக் கப்புக்கு அந்தச் சொல் வராதாம். இதில் 'யூ'வை நடுவில் நுழைத்து, கப்பை விட்டுவிட்டு ஆளையே நிரப்புகிற மாதிரி கேட்கிறார்கள்!

வீட்டுக் கரண்டுக்கும் இதே சொல்தான். பிளாஸ்டிக் சாவி ஒன்று, அதை முனைக்கடையில் கொடுத்துக் காசு ஏற்றிக்கொண்டு வந்து மீட்டரில் செருக வேண்டும். தீர்ந்துபோனால் மீட்டரே கொஞ்சம் கடன் தரும், அடுத்த முறை போடும்போது முதலில் அதைப் பிடித்துக்கொள்ளும், நம்ம மளிகைக்கடை நோட்டு மாதிரி. எனக்கு அந்த நிலைமை வந்ததில்லை, ஒரு தடவையைத் தவிர. இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டால் ஹீட்டரே தேவையில்லை. நாலு மணிக்கே இருட்டிவிடுவதுதான் பிடிக்கவில்லை.

நம் வீட்டில் யார் கேட்டு ஊற்றினார்கள்? போதும் என்று இலைக்குக் குறுக்கே கையை வைத்தாலும் விரலிடுக்கில் ரசத்தை விட்டுவிடுவாய். நேற்று ராத்திரி சாப்பிடும்போது, யாருமில்லாத அறையில், தட்டுக்கு மேல் கை தானாகப் போனது.

சரி, நகை விஷயம். இந்தத் தடவை திருப்ப வேண்டாம், வட்டியை மட்டும் கட்டி மாற்றி வை, மார்ச்சில் பார்த்துக்கொள்ளலாம். அப்பா கண் ஆபரேஷனைத் தை கழியட்டும் என்பார், விடாதே, சின்ன மாமாவோடு அனுப்பிவிடு. கீதா ஃபீஸுக்கு ஐந்தாம் தேதிக்குள் பணம் வரும், அதற்குள் பெரியப்பாவிடம் கைமாற்று கேட்டுவிடாதே.

கடையை எட்டு மணிக்கு மூடிவிடுவார்கள். சாவியை எடுத்துக்கொண்டு ஓடுகிறேன்.

செந்தில்