மாற்றுத்திறன் மாணவர்களுக்கான நம் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, கோத்தகிரி

தலைவர் அவர்களுக்கும், சோலூர்மட்டம், கட்டபெட்டு, அரவேணு என்று பல பக்கமிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் பெற்றோருக்கும், ஆசிரியர்களுக்கும் வணக்கம். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன, வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். நான் நேரே பிள்ளைகளின் கருவிகள் விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருடம் புதுக் கருவி வாங்கித் தருவதைவிட, ஏற்கெனவே கையில் இருப்பதை ஓட வைப்பதில்தான் நம் உழைப்பு அதிகம் போனது. அடுத்த வருடப் பணமும் அதற்கே போக வேண்டும் என்று இந்தச் சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் காது மெஷின். முகாமில் கொடுப்பது நல்ல மெஷின்தான், ஆனால் நம் பக்கம் ஐப்பசி கார்த்திகை மழையும் அதன் பின்னால் வரும் மூட்டமும் அதற்கு ஆகாது. காதுக்குப் போகும் ட்யூபில் ஈரம் ஒரு துளியாக நின்றாலே சத்தம் அடைபட்டுவிடும். பிள்ளை கேட்கவில்லை என்கிறது, வீட்டில் மெஷின் கெட்டுவிட்டது என்று பீரோவில் வைத்துவிடுகிறார்கள், அப்புறம் அந்தப் பிள்ளை வகுப்பில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. அப்படி பீரோவில் கிடந்தவற்றை வாங்கிப் பார்த்தபோது பலவற்றுக்குக் காயவைப்பதும் ட்யூப் மாற்றுவதும் மட்டுமே தேவைப்பட்டது. இறுக்கமாக மூடும் டப்பாவில் ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறும் சிலிக்கா ஜெல் மணிகளைப் போட்டு, ராத்திரி பேட்டரியைக் கழற்றி, பேட்டரிக் கதவைத் திறந்தபடி மெஷினை அதில் வையுங்கள். மணிகளின் நிறம் மாறினால் ஈரம் ஏறிவிட்டது என்று அர்த்தம், மாற்றிவிடுங்கள். தயவுசெய்து விறகடுப்புப் பக்கத்தில் வைத்துக் காயவைக்காதீர்கள், சூடு உள்ளிருக்கும் பாகங்களைக் கெடுத்துவிடும். அந்த மணிகளும் பட்டன் பேட்டரியும் சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டவே கூடாது.

பேட்டரி பற்றி இன்னொன்று. மேலிருக்கும் ஸ்டிக்கரை உரித்ததும் காற்று உள்ளே போய் அது வேலையைத் தொடங்கிவிடும், திரும்ப ஒட்டினால் நிற்காது, அதனால் போடும்போது மட்டும் உரியுங்கள், உரித்து ஒரு நிமிடம் விட்டுப் போடுங்கள். நம் ஊரில் எல்லா நாளும் கிடைப்பதில்லை என்பதால் ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டிய 13-ம் எண் பேட்டரியும் நீல ஸ்டிக்கர் ஒட்டிய 675-ம் எண் பேட்டரியும் சங்கத்தில் இருப்பு வைத்திருக்கிறோம். ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: தகரக் கூரை வகுப்பில் மழை கொட்டும்போது மெஷின் அந்தச் சத்தத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். பலகையைப் பார்த்துப் பேசாமல் பிள்ளையின் முகம் பார்த்துப் பேசுங்கள், முன்வரிசையில் உட்கார வையுங்கள். செலவே இல்லாத உதவி இது.

பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு இந்த வருடம் லேப்டாப்பில், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ என்ற மென்பொருளைப் போட்டுக் கொடுத்தோம். ஆஸ்திரேலியாவில் 2006-ல் பார்வையற்ற ஒருவர் தொடங்கிய திட்டம், யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், தமிழும் வாசிக்கும். ஆண்ட்ராய்டு போனில் அதே வேலையைச் செய்யும் டாக்பேக் ஏற்கெனவே இருக்கிறது, ஆன் செய்தால் போதும். ஆனால் பிள்ளைகள் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். பள்ளிகளிலிருந்து வரும் வினாத்தாளும் குறிப்பும் இன்னும் பாமினி மாதிரிப் பழைய எழுத்துருக்களில் வருகின்றன. கண்ணுக்கு அது தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. பாமினியில் அடித்த ‘அம்மா’வை வாசிக்கச் சொன்னால் கம்ப்யூட்டர் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளை இதைக் கேட்டுக்கொண்டு எப்படிப் படிக்கும்? தமிழைத் தமிழாகவே கம்ப்யூட்டருக்குள் வைக்கும் யூனிகோடைத் தமிழக அரசு 2010-லேயே தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. போனில் நாம் எல்லோரும் தட்டுவது அதில்தான். பள்ளி அலுவலகக் கம்ப்யூட்டரிலும் அது வந்தாக வேண்டும், இதற்காகத் தலைமையாசிரியர்களை நேரில் பார்த்துக் கேட்டுவருகிறோம், சிலர் உடனே மாற்றினார்கள், அவர்களுக்கு மனமார்ந்த நன்றி. வாட்ஸாப்பில் அனுப்பும் பாடப் படமும் இப்படித்தான், கண்ணுக்கு எழுத்து, கம்ப்யூட்டருக்கு வெறும் படம். அச்சடித்த பக்கமாக இருந்தால் கூகுள் லென்ஸ் எழுத்தாக மாற்றிவிடும், கையெழுத்து என்றால் தப்பும் தவறுமாக வரும்.

புத்தகத்தை இப்படி மாற்றுவது சட்டத்துக்கு விரோதம் இல்லையா என்று ஒரு அப்பா கேட்டார், நல்ல கேள்வி. 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, அச்சில் படிக்க முடியாதவர்களுக்காக லாபநோக்கம் இல்லாமல் மாற்றலாம் என்று வைத்திருக்கிறார்கள். அப்படி மாற்றிய புத்தகங்களுக்கென்றே சுகம்யா புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் 2016-ல் தொடங்கப்பட்டது. சேராத பிள்ளைகளைச் சேர்த்துவிட நாங்கள் உதவுகிறோம்.

வீல் சேர் விஷயத்தில் கருவியால் ஆகாததும் இருக்கிறது. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளத்துக்கான கணக்கு. நம் பள்ளிகள் தேயிலைச் சரிவில் தட்டுத்தட்டாகக் கட்டியவை, பத்துப் படி இறங்கும் இடத்தில் அவ்வளவு நீளத்துக்கு இடம் எங்கே? ஒரு பள்ளியில் வகுப்பையே ரோட்டு மட்டத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். அந்த மாணவி இப்போது யாரும் தூக்காமல் வகுப்புக்குப் போகிறாள். மற்ற பள்ளிகளும் முதலில் இதை யோசிக்க வேண்டும்.

பேச்சு வராத பிள்ளைகளுக்குப் படத்தைத் தொட்டால் பேசும் ஆப் இருக்கிறது, சென்னையில் உருவான ஆவாஸில் தமிழும் உண்டு. ஆனால் ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், படுகு மொழி பேசும் வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் தமிழ்க் குரல் பள்ளிக்கூடத்துக் குரல்தான். அதனால் குரல் பதியும் பட்டன் கருவியில் அம்மாவே ‘தண்ணீர் வேண்டும்’ ‘வலிக்கிறது’ என்று படுகில் பேசிப் பதிந்து கொடுக்க ஏற்பாடு செய்தோம். இருளர் குடியிருப்புகளிலும் இதைச் செய்ய வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர்களுடன் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது எங்களுக்குத் தேவை ஆள். பழைய எழுத்துருவில் கிடக்கும் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புக் குறிப்புகளை யூனிகோடுக்கு மாற்றி, பிழை பார்த்துத் தர வேண்டும். மாற்றித்தரும் மென்பொருள் இருக்கிறது, பிழை பார்ப்பது மனிதர் வேலை. ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், கல்லூரி விடுமுறையில் வீட்டில் இருக்கும் பிள்ளைகளும் கூட்டம் முடிந்ததும் துணைச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். அரையாண்டுத் தேர்வுக்கு முன் கணக்கும் அறிவியலும் முடிந்தாக வேண்டும்.