மழைக்கு முந்தி அனுப்புற சல்லி: டொரன்டோவில இருக்கிற சிநேகிதிக்கு

அன்புள்ள புள்ள,

சுகமா இருக்கியா? அத்தானும் புள்ளயளும் எப்பிடி? இஞ்ச நாங்க எல்லாரும் சுகம். அம்மாக்கு முழங்கால் நோ இன்னும் குறையல்ல, ஆனா விடிய எழும்பி முத்தம் கூட்டாம இருக்கமாட்டா. சின்னவள் ஓ.எல் எழுதிப்போட்டு ரிசல்ட்ட பாத்துக்கொண்டிருக்காள். சிறுபோகம் விதைச்சாச்சு, நவகிரிக் குளத்துல தண்ணி இருக்கிறதால இந்த முறை வெள்ளாமைக்குப் பயமில்ல எண்டுதான் எல்லாரும் சொல்றாங்க.

உன்ட வொய்ஸ் மெசேஜ திருப்பித் திருப்பிக் கேட்டன். உங்கட ஊர்ச் சங்கம் கூடப்போகுது, வெள்ளத்துக்கு எண்டு சேத்த காசுல மிச்சம் கிடக்கு, அத வச்சு என்ன செய்யலாம் எண்டு ஊர்ல இருக்கிற உன்னட்டத்தான் கேக்கிறன் எண்டு சொன்னா. வொய்ஸ்ல சொல்லி முடியிற கதையில்ல எண்டுதான் இருந்து எழுதுறன், கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்கொண்டு வாசி.

முதல்ல ஒண்டச் சொல்லிடுறன். அடுத்த வெள்ளத்துக்கு உலர் உணவுப் பொதி வாங்கலாம் எண்டு அந்தக் காச பேங்குல போட்டு வச்சிருக்காதீங்க. ஆடி ஆவணிக்குள்ள, மழைக்கு முந்தி, ஊர்ல இருக்கிற சங்கத்துட கையில சின்னச் சின்ன வேலைக்குக் குடுங்க. நான் மாதர் சங்கத்துல பொருளாளரா இருக்கிறதால கேக்கிறன் எண்டு நினைக்காத, எங்களுக்குத் தராட்டியும் பரவாயில்ல, பக்கத்து ஊர்க் கமக்காரர் அமைப்புக்குக் குடுத்தாலும் சந்தோசம்தான்.

2025 நவம்பர் டித்வா புயல் வந்த நேரம் நீ நித்திர இல்லாம போன் அடிச்சுக்கொண்டே இருந்தா. மலையகத்துல மண்சரிவுல போன உயிர்கள நினைச்சா இப்பவும் நெஞ்சு பதறுது, நாடு முழுக்க 600 பேருக்கு மேல செத்துப்போனாங்க. எங்கட மட்டக்களப்புப் பக்கம் வழமை மாதிரித்தான், ரோட்டுக்கு மேலால தண்ணி, வயல் வட்டையெல்லாம் கடல், பிறகு முகாம், பிறகு பொதி. அரிசி, பருப்பு, சீனி, மா, டின்மீன், சோப்பு எல்லாம் வந்திச்சு, உங்கட சங்கம் அனுப்பினதும் வந்திச்சு, அத வாங்கி அடுப்பு மூட்டின சனத்த நான் கண்ணால கண்டவள், அதக் குறைவாச் சொல்லமாட்டன். ஆனா 2011 ஜனவரிலயும் இதே பொதிதான், 2014 டிசம்பர்லயும் இதே பொதிதான். தண்ணி எந்த வழியால வீட்டுக்குள்ள வருது எண்டு ஊர்ல ஒவ்வொருத்தருக்கும் தெரியும், அந்த வழிய அடைக்கத்தான் ஒருத்தரும் காசு தாறதில்ல.

வட்டைக்குப் போற ரோட்டுல உள்ள அந்தப் பழைய போக்கு, ரோட்டுக்குக் கீழால தண்ணி போற மதகு, உனக்கு நினைவிருக்கும், டியூசன் முடிஞ்சு வாற நேரம் சைக்கிளச் சாத்திப்போட்டு அந்தக் கட்டுலதானே இருந்து கதைப்பம். அதுக்குள்ள ரெண்டு குழாய். இடது பக்கக் குழாய்க்குள்ள ஆற்றுவாழையும் உரப்பையும் ஷொப்பிங் பேக்கும் போய் இறுகி, அதுக்கு மேல ஆரோ விட்ட பழைய வலை ஒண்டு சுத்தி, அதுல சேறு அப்பி, வெளிய இருந்து பாத்தா சிமெந்து பூசி அடைச்ச மாதிரிக் கிடக்கு. தண்ணி முழுக்க மத்தக் குழாயாலதான் சுழிச்சுக்கொண்டு போகுது. அதால ஏலாத மிச்சத் தண்ணி திரும்பி ஏறி, மேட்டு வளவு எண்டு நாம சொல்ற வளவுக்குள்ளயே முழங்காலளவு நிக்குது. தை மாசம் தண்ணி வத்தினாப் பிறகு சிரமதானம் வச்சு ஆம்பிளயளும் பொம்பிளயளுமா இறங்கி கத்தி, கொக்கத்தடி எல்லாம் கொண்டு இழுத்தம். ரெண்டு பக்க வாயும் துப்புரவாகிட்டு, நடுவுல இறுகினது மட்டும் அசையவேயில்ல. மண் தோண்டுற பெக்கோ மெசின் ஒண்டு அரைநாள் நிண்டா முடிஞ்சிடும். அந்த அரைநாள் வாடகையும் டீசலும்தான் எங்களுக்கு இல்லாதது, வேற ஒண்டும் இல்ல.

நீ கேப்பா, அது கவுண்மென்ட் வேலைதானே எண்டு. ஓம், கவுண்மென்ட் வேலைதான். ஆனா இஞ்ச கணக்கு வருசம் ஜனவரில தொடங்கி டிசம்பர்ல முடியுது, மேல இருந்து காசு இறங்கி, எஸ்டிமேட் போட்டு, டென்டர் கூப்பிட்டு, வேலை கையில வாற நேரம் அனேகமா செப்டம்பர் ஒக்டோபர் ஆகிடும். எங்கட பக்கம் வாடைமழை தொடங்கிறதும் அந்த நேரம்தான். ஈரத்துல வெட்டிக் கரையில போட்ட மண் ரெண்டு மழைக்கு திரும்ப வாய்க்காலுக்குள்ளயே கரைஞ்சு போயிடும். எந்த அதிகாரியையும் குறை சொல்ல இத எழுதல்ல, எங்கட கிராம சேவகர் மழை நேரம் இரவு பகல் பாக்காமத் திரியிறவர், காசு வாற மாசம்தான் பிழை.

சரி, வேற எங்கயும் காசு இல்லையா எண்டா, இருக்கு. சங்கத்துல விசாரிச்சு விசாரிச்சு நான் கொஞ்சம் தெரிஞ்சு வச்சிருக்கிறன். ஐ.நா. அபிவிருத்தித் திட்டம் (யு.என்.டி.பி) நடத்துற, உலகச் சுற்றாடல் நிதியத்துட (ஜெஃப்) சிறு மானியத் திட்டம் 1992ல தொடங்கினது, இலங்கைக்கு 1994லயே வந்துட்டு. பல வருசமா ஒரு திட்டத்துக்கு 50,000 டொலர் வரைக்கும் எண்டு வச்சிருந்தாங்க, சுற்றாடலோட சேந்த வேலையா இருக்கணும், வாவிக்கரையில கண்ணா மரம் (கண்டல்) நடுற மாதிரி வேலையள் அதுக்குள்ள வரும். யப்பான் தூதரகத்துலயும் அடிமட்ட மக்களுக்கு எண்டு ஒரு உதவித்திட்டம் இருக்கு, பல வருசமா சாதாரணமா ஒரு கோடி யென் வரைக்கும் எண்டு வச்சிருந்தாங்க, ஆனா அது கட்டிடம், சாமான் மாதிரி விசயங்களுக்குத்தான், நடத்துற செலவுக்கு, சம்பளத்துக்கு எல்லாம் தரமாட்டாங்க. நீ இருக்கிற நாட்டு அரசாங்கமே உள்ளூர் முயற்சிகளுக்கு எண்டு ஒரு நிதி வச்சிருக்கு, உனக்குத் தெரியுமோ தெரியாது, ஒரு லட்சம் கனேடிய டொலர் வரைக்கும் குடுக்கலாம் எண்டாலும் அனேகமா அதவிட நல்லாக் குறைவாத்தான் குடுக்கிறாங்க. அதுக்கு விண்ணப்பம் இங்கிலீசுல இல்லாட்டி பிரெஞ்சுல எழுதணும். வாவிக்கு மேற்கால இந்தப் படுவான்கரையில மாதர் சங்கத் தலைவி அத எப்பிடி எழுதுவா, சொல்லு பாப்பம்?

2016ல இஸ்தான்புல்ல பெரிய மாநாடு வச்சு, உதவிக் காசுல நூத்துக்கு 25ஐ 2020க்குள்ள உள்ளூர் அமைப்புகளுக்கு முடிஞ்சளவு நேரடியாக் குடுப்பம் எண்டு பெரிய நாடுகளும் பெரிய நிறுவனங்களும் கையெழுத்துப் போட்டதுகள். அந்த இலக்க எட்டவேயில்ல. அனர்த்தத்துக்கு எண்டு உலகம் குடுக்கிற உதவிய எடுத்துப் பாத்தாலும், வந்தாப் பிறகு குடுக்கிறதுதான் மலையளவு, வரமுந்தித் தடுக்கிறதுக்குப் போறது நூறு ரூபாய்க்கு அஞ்சு ரூபா கூட இல்ல. இதெல்லாம் பெரிய ஆக்கள்ற கதை எண்டு விட ஏலாது, அந்தக் கணக்குட கடைசி நுனியிலதான் எங்கட போக்கு அடைச்சுக்கொண்டு கிடக்கு.

நாங்களும் ஒரு இடத்துக்கு விண்ணப்பம் போட்டம், பேர் வேணாம். போன வருசம் அவங்க தந்த போர்ம் ஒரு கட்டு. மூண்டு வருச ஓடிட் ரிப்போட், திட்டத்துட நோக்கத்தையும் பலனையும் கட்டம் போட்டு எழுதுற லொக் பிரேம், சங்கத்துட பங்குக் காசு எவ்வளவு, சூழலுக்கு என்ன பாதிப்பு, எல்லாம் இங்கிலீசுல. கயிறு வாங்கவும் மூண்டு கடையில கொட்டேஷன் வேணுமாம், எங்கட ஊர்ல கடையே ஒண்டுதான். எல்லாத்தயும் விட கஷ்டம், முதல்ல நீங்க செலவழிச்சு பில்லக் காட்டுங்க, பிறகு காசு போடுறம் எண்டது. முதல்ல செலவழிக்க சல்லி இருந்தா நாங்க ஏன் கேக்கிறம்? கணக்கு கேக்கிறது பிழை எண்டு நான் சொல்லமாட்டன், சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில வந்த காசு எப்பிடி எப்பிடியெல்லாம் போச்சு எண்டு நாம ரெண்டு பேரும் கண்டவங்க. ஆனா கோடிக்கணக்கான திட்டத்துக்குக் கேக்கிற அதே கணக்க பெக்கோ வாடகைக்கும் கேட்டா, நல்லா எழுதத் தெரிஞ்ச கொழும்பு ஆக்கள்தான் எடுப்பாங்க, வெள்ளம் தெரிஞ்ச ஆக்களுக்குக் கிடைக்காது.

அதாலதான் உங்கட சங்கத்த நான் இவ்வளவு பெரிசா நினைக்கிறன். உங்களுக்கு இங்கிலீசு புரபோசல் தேவையில்ல, ஊரத் தெரியும், ஆக்களத் தெரியும், கள்ளன் ஆர் எண்டும் தெரியும். நான் சொல்றது இப்பிடி. ஒரு பக்கத்துல தமிழ்ல எழுதித் தாங்க எண்டு ஊர்ச் சங்கங்களக் கேளுங்க. என்ன பிரச்சினை, எங்க, ஆருக்கு, எவ்வளவு காசு, ஊர் என்ன போடும், அவ்வளவுதான். அத எழுதமுந்தி ஊர்க்கூட்டம் வச்சு, பொம்பிளயளும் வந்து கதைச்சு, கூட்டக் குறிப்புப் புத்தகத்துல கையெழுத்து இருக்கணும் எண்டு கட்டாயமாச் சொல்லுங்க. காச ரெண்டு தரமாப் போடுங்க, முதல் தரம் வேலை தொடங்கமுந்தி. கணக்க கோயில் வாசல்லயும் கடையிலயும் எழுதி ஒட்டச் சொல்லுங்க, ஓடிட்டரவிட அது பயம். மறுகா, போக்கு ரோட்டுக்காரருக்குச் சொந்தம், வாய்க்கால் நீர்ப்பாசனத்துக்குச் சொந்தம், அதால பிரதேச செயலகத்துக்கும் அனர்த்த முகாமைத்துவப் பிரிவுக்கும் முதலே கடிதம் குடுத்து அனுமதி எடுத்துத்தான் கை வைக்கணும், இல்லாட்டி நல்லது செய்யப்போய் வழக்காகிடும்.

உங்கட ஆக்கள் சில பேர் பொதுமண்டபம் கட்டி கல்வெட்டு வைப்பம் எண்டு சொல்லுவாங்க எண்டு எனக்குத் தெரியும். மண்டபம் வேணாம் எண்டில்ல, ஆனா இப்ப வேணாம். துப்புரவாக்கின வாய்க்கால போட்டோ எடுத்தா ஒண்டும் தெரியாது, வெறும் வாய்க்கால்தான் தெரியும், அதுக்காக அத விட்டுடாதீங்க.

எங்கட மாதர் சங்கம் காசில்லாமச் செஞ்ச ஒரு வேலையச் சொல்றன். ஒரு சீ.ஆர் கொப்பில வீடு வீடாப் போய் எழுதியிருக்கிறம். நடக்க ஏலாதவங்க ஆர், மாசமா இருக்கிறவங்க ஆர், எத்தனையாம் மாசம், இன்சுலின் போடுறவங்க, கிட்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போறவங்க, தனிய இருக்கிற கிழவிமார், மாடு கட்டி வச்சிருக்கிறதால வீட்ட விட்டு வரமாட்டன் எண்டு நிக்கிறவங்க. ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல அவங்களக் கூட்டிக்கொண்டு போக வேண்டிய ஆள்ற பேர். பேனையால எழுதினா மாத்த ஏலாது எண்டு பென்சிலால எழுதுறம், மாசத்துக்கு ஒருக்கா அழிச்சுத் திருத்துறம். இந்தக் கொப்பி டித்வா நேரம் உதவிச்சு, ஆரையும் தேடி அலையல்ல. ஆனா கொப்பில பேர் இருந்தா மட்டும் காணாது, ஏத்திக்கொண்டு போக தோணி வேணும். மீனவர்ற தோணியத்தான் கேட்டு வாங்கினம், எஞ்சின் அவங்கட, எண்ணெய்க் காசு நாங்க வீட்டுக்கு வீடு சேத்தது, லைவ் ஜக்கெட் ஒண்டு கூட இல்ல. மடியில சின்னப் புள்ளய வச்சுக்கொண்டு இருட்டுல அந்தத் தோணில போனவளுட முகத்த நான் மறக்கமாட்டன்.

2024 நவம்பர்ல காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் நடுவுல ட்ரக்டர்ல போன மதரசாப் புள்ளயள வெள்ளம் அடிச்சுக்கொண்டு போனது உனக்கும் தெரியும், அந்தக் கிழமை இந்தக் கரை முழுக்க அழுதது. அதுக்குப் பிறகு தண்ணி பாயிற ரோட்டக் கண்டாலே எனக்கு அந்தப் புள்ளயள்தான் நினைவு வரும். எங்கட ரோட்டுலயும் அப்பிடித் தண்ணி குறுக்கால பாயிற இடம் இருக்கு. அதுல ரெண்டு பக்கமும் கொங்கிறீட் தூண் நட்டு வெள்ளை, மஞ்சள், சிவப்பு எண்டு பெயின்ட் அடிச்சு, தண்ணி சிவப்புக்கு ஏறினா சங்கிலி போட்டு ஆரையும் விடாம மறிக்க ஊர்ப் பொடியன்மாருக்கு டோர்ச்சும் விசிலும் மழைக்கோட்டும் குடுக்கணும். இது பெரிய செலவில்ல. கோயில் ஒலிபெருக்கிக்கு பெட்டரி ஒண்டும் வேணும், கரண்ட் போனாப் பிறகு அனர்த்த முகாமைத்துவ நிலையத்துட 117க்கு அடிச்சு நாங்க செய்தி எடுத்தாலும் ஊருக்குச் சொல்ல வழியில்லாமப் போகுது.

இன்னொண்டையும் ஒளிக்காமச் சொல்லணும், உங்கட கூட்டத்துல பெரிய நம்பிக்கை குடுத்துடாத. வாவித் தண்ணி கடலுக்குப் போக முகத்துவாரம் எப்ப வெட்டுறது, நவகிரி வான்கதவ எப்ப திறக்கிறது, இதெல்லாம் கச்சேரியும் (மாவட்டச் செயலகம்) நீர்ப்பாசனமும் முடிவெடுக்கிற விசயம். வெள்ளாமைக்காரருக்கு ஒரு நேரம் நல்லம், மீன்பிடிக்காரருக்கு வேற நேரம் நல்லம், அந்த வாக்குவாதத்துக்குள்ள காசோட போகவே கூடாது. அரசாங்கம் செய்யவேண்டிய அணைக்கட்டையும் பாலத்தையும் நீங்க கட்டத் தேவையில்ல, அத நாங்க கேட்டுச் சண்டை பிடிச்சுத்தான் எடுக்கணும், 2005ல அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்ததே அதுக்குத்தானே. 1978 நவம்பர் 23 சூறாவளி மாதிரி ஒண்டு வந்தா எங்கட தோணியும் தூணும் என்னத்தக் காணும்? அம்மா இப்பவும் அந்த இரவச் சொல்ல வெளிக்கிட்டா நடுவுல நிப்பாட்டிடுவா. ஆனா அப்பிடி ஒரு இரவுலயும் கொப்பியும் ஒலிபெருக்கியும் இருந்தா சனம் நேரத்தோட பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேந்துடும்.

தோணிக்கு எஞ்சின் வாங்கித் தாறதெண்டா, வாங்கித் தந்துட்டு அப்பிடியே விட்டுடாதீங்க எண்டும் சொல்லு. வருசத்துக்கு ஒருக்கா சேர்விஸ், ஆடில ஓட்டிப் பாக்கிற எண்ணெய், இதுக்கெண்டு கொஞ்சக் காசு தனிய ஒதுக்கணும். திட்டம் முடிஞ்சாப் பிறகு பூட்டு விழுந்து கறள் பிடிச்ச எத்தினை சாமானக் கண்டுட்டம் நாம.

உங்கட கூட்டம் எத்தினையாம் திகதி எண்டு சொல்லு, அண்டைக்கு நான் வட்ஸ்அப்ல வாறன், நேர வித்தியாசம் பாக்கத் தேவையில்ல, இரவெண்டாலும் முழிச்சிருப்பன். போக்குட போட்டோவும் தூண் நடுற இடத்துட போட்டோவும் நாளைக்கு மகன்ட போன்ல எடுத்து அனுப்புறன். பெக்கோக்காரரிட்டயும் எஞ்சின் கடையிலயும் விலை கேட்டு எழுதி அனுப்புறன். ஆவணில மண்டூர் முருகன் கோயில் திருவிழாக்கு வாறன் எண்டு சொன்னா, வந்தியெண்டா வாவியக் கடக்கிற பாதையில (மிதவைப் படகுல) வா, குருமண்வெளில வந்து நிக்கிறன், ரெண்டு பேரும் போய் வேலைய நேரயே பாப்பம்.

அன்போட,
உன்ட சிநேகிதி