அட்டையில் இடமில்லாத பெயர்

அன்புத் தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்றிரவு நீ பாதிப் பேச்சில் போனை வைத்துவிட்டாய். உன் பாட்டு வெளிவந்து ஒரு வாரம் ஆகிறது. செயலியில் பாடிய பெண்ணின் பெயர் இருக்கிறது, மெட்டமைத்த உன் நண்பன் பெயர் இருக்கிறது, எழுதியவன் பெயரை மட்டும் காணோம். "எங்கள் காலத்திலும் அப்படித்தான்" என்று நான் சொன்னது உனக்கு எரிச்சல் மூட்டியது, சரிதான். அந்தக் காலத்துக் குற்றத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று போனில் சொல்ல வாய் வரவில்லை.

நம் காசெட் கடையை நீ பார்த்ததில்லை. வெற்றுக் காசெட்டும், நோட்டில் கிழித்த தாளில் பாட்டுப் பட்டியலுமாக வருவார்கள். அறுபது நிமிடக் காசெட் என்றால் பக்கத்துக்கு ஏழு பாட்டு. ஏழாவது பாட்டு கடைசிச் சரணத்தில் அறுந்துபோனால் மறுநாள் காலையில் கடை திறக்கும் முன்பே ஆள் நிற்கும். பதிந்து முடித்ததும் காசெட்டின் முதுகில் இருக்கும் பிளாஸ்டிக் பல்லை ஸ்க்ரூ டிரைவரால் உடைத்துக் கொடுப்பேன், தெரியாமல் யாரும் மேலே வேறெதையும் பதிந்துவிடக் கூடாதே என்று. அப்புறம் அட்டை எழுத வேண்டும். ஒரு பாட்டுக்கு ஒரு வரி: முதலடி, படம், பாடியவர்கள். 'டி.எம்.எஸ்., சுசீலா' என்று எழுதும்போதே பேனா அட்டையின் ஓரத்துக்கு வந்துவிடும். கண்ணதாசனுக்கு இடம் இருந்ததே இல்லை. இத்தனைக்கும் அவர் பாட்டுகளை விற்றுத்தான் உன் அக்காவின் பள்ளிக்கூடச் செலவைப் பார்த்தேன்.

இன்னொன்றும் செய்தேன். பழைய பாட்டுக் காசெட்டுகளின் முதுகில் 'எம்.எஸ்.வி.' என்று மட்டும் எழுதுவேன். ஒருநாள் தவில்காரர் ஒருவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ராமமூர்த்தியை எங்கே தொலைத்தாய்?" என்றார். 1952 முதல் 1965 வரை, 'ஆயிரத்தில் ஒருவன்' வரை, விஸ்வநாதன்-ராமமூர்த்தி என்று இரண்டு பேராக நின்று இசையமைத்தவர்கள். வயலினோடு வளர்ந்த அந்தத் திருச்சிக்காரரை நான் நாலு எழுத்து மிச்சம் பிடிப்பதற்காக வெட்டிவிட்டேன். அன்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் பழக்கம் மாறவில்லை.

பாடிய பெண்ணிடம் மட்டும் சண்டைக்குப் போகாதே. நீ எழுதியதை ஊருக்குக் கொண்டு சேர்க்கிறவள் அவள்தான். டி.எம்.எஸ். வீட்டுமொழி சௌராஷ்டிரம், ஆனால் அவர் வாயில் ழகரமும் றகரமும் தேய்ந்து நான் கேட்டதில்லை. கண்ணதாசனின் சொல் டீக்கடை வாசல் வரை முழுசாக வந்து சேர்ந்ததற்கு அந்தத் தொண்டையும் ஒரு காரணம்.

எழுதியவனுக்கு எழுதியவன் எப்போதும் அடையாளம் தெரியும். வாய்ப்புக் கிடைக்காமல் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்ப இருந்த வாலியைச் சென்னையிலேயே நிறுத்தியது 'மயக்கமா கலக்கமா' பாட்டு. வாலியே சொன்னது இது. பாடியவர் பி.பி.ஸ்ரீநிவாஸ், மெட்டு அந்த இரட்டையர். தடுத்து நிறுத்தியது கண்ணதாசனின் வரி. பிறகு அந்தக் கண்ணதாசனுக்கே போட்டியாக எழுத வந்தார் வாலி.

அதற்காகச் சும்மா இருந்துவிடு என்று சொல்லவில்லை. 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும் ராயல்டியில் தங்கள் பங்கை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது என்று இருக்கிறது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் தரலாம். பாட்டு எழுதுகிறவர்களுக்கும் இசையமைக்கிறவர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் சேர்ந்துவிட்டாயா? நண்பன் தானே என்று ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால், அதன் நகலை எனக்கு அனுப்பு, நம் வக்கீல் மாமாவிடம் காட்டுகிறேன். பெயர் விடுபட்டதை அவனிடம் வாயால் சொல்லாதே, எழுதிக் கேள்.

அம்மா நாலு நாளாக உன் பாட்டையே கேட்டுக்கொண்டிருக்கிறாள். இரண்டாம் சரணத்தில் 'உலர்ந்த' என்பது நீ எழுதியதா, அந்தப் பெண் 'புலர்ந்த' என்பதை அப்படிப் பாடிவிட்டாளா என்று கேட்கச் சொன்னாள். இரண்டுக்கும் பொருள் வருகிறதாம். பதில் எழுது.

அப்பா