புல்டு போர்க் தேடி வரும் மாப்ளைக்கு

அன்புள்ள மாப்ள,

பதில் தாமதத்துக்கு நேரில் வந்து திட்டிக்கொள், மிச்சம் வைக்காதே. இங்கே எல்லோரும் நலம். வாத்தியாருக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இனியாவது மொட்டை மாடி ஏறி ஆன்டெனாவைத் திருப்பும் வேலையை விடச் சொல். குடும்பத்தோடு வருகிறாய், சந்தோஷம். மாமனாரும் வருகிறார் என்பதைக் கடைசி வரியில் ஒளித்து வைத்திருக்கிறாயே, அதற்குக் கீழே வருகிறேன்.

முதலில், லண்டனில் புல்டு போர்க் (மெதுவாக வேகவைத்துப் பிய்த்த பன்றிக்கறி) தின்ன நீ எழுதி அனுப்பிய கடைப் பட்டியல். எந்தக் காலத்துக் கட்டுரையைப் பார்த்து எழுதினாய்? முதல் பெயராக நீ போட்டிருக்கும் பிட் க்யூ கடை 2019-லேயே மூடியாகிவிட்டது. 2011-ல் தேம்ஸ் கரையில் ஹங்கர்ஃபோர்ட் பாலத்தடியில் ஒரு வண்டியாகத் தொடங்கி, அடுத்த வருஷமே சோஹோவில் குட்டியாக ஒரு கடை போட்டு, லண்டன்காரர்களை வரிசையில் நிற்க வைத்த இடம். இந்த ஊருக்குப் புல்டு போர்க் பைத்தியம் பிடித்ததில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்கப்புறம் மூலைக்கு மூலை பப்புகளெல்லாம் பர்கர் மேல், சிப்ஸ் மேல், வேகவைத்த உருளைக்கிழங்கின் மேல் என்று அதையே கொட்டின. இன்று நீ போய்ச் சும்மா ஒரு பப்பில் கேட்டால், பெரும்பாலும் இனிப்பு பார்பெக்யூ சாஸில் ஊறிய நார்தான் வரும்.

நன்றாகச் செய்பவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். கடையின் பெயரை நம்பிப் போகாதே, கறியைப் பார். எதைப் பார்ப்பது என்று சொல்கிறேன்.

பன்றியின் தோள் கறி நாள் முழுக்க உழைத்த தசை. கொழுப்பும் இணைப்புத் திசுவும் நிறைந்தது. 105, 110 டிகிரி செல்சியஸ் சூட்டில் இரண்டு கிலோ துண்டு வேக ஏழிலிருந்து ஒன்பது மணி நேரம் ஆகும். கறியின் உள்சூடு 65-ஐத் தாண்டியதும் அப்படியே நின்றுவிடும். மேலே உள்ள ஈரம் ஆவியாகிக் கறியைக் குளிர்விப்பதால் தெர்மாமீட்டர் முள் நகராது, இரண்டு மணி நேரம்கூட நிற்கும். அவசரக்காரன் இங்கேதான் கெடுப்பான். அடுப்பைத் தூக்கிவிடுவான், அல்லது 80 டிகிரியிலேயே இறக்கிவிடுவான். 80-ல் கறி வெந்திருக்கும், கத்திக்கு அறுபடும், ஆனால் பிய்யாது, ரப்பராக இழுக்கும். 92-லிருந்து 96 வரை போனால்தான் இணைப்புத் திசுவில் இருக்கும் கொலாஜன் கரைந்து ஜெலட்டினாகும், எலும்பு கையோடு கழன்று வரும். இறக்கிய பிறகு சுற்றிக் கட்டி ஒரு மணி நேரமாவது ஆறவிட வேண்டும். சுடச்சுடப் பிய்த்தால் ஈரமெல்லாம் ஆவியாகப் பறந்து பஞ்சாகிவிடும்.

வண்டி முன்னால் நின்று மூன்று விஷயம் பார். ஒன்று, பிய்த்த கறிக்குள் கறுப்பாக, முறுகிய மேல்தோல் துணுக்குகள் கலந்திருக்கின்றனவா? முழுக்க ஒரே பழுப்பு என்றால் அது மூடிய பாத்திரத்தில் அவித்தது, புகை பாட்டிலிலிருந்து வந்திருக்கும். இரண்டு, இழை விரல் பருமனில் இருக்கிறதா? மெல்லிய நூலாக இருந்தால் காலையிலேயே பிய்த்து வைத்துவிட்டான் என்று அர்த்தம். இங்கே சட்டப்படி 63 டிகிரிக்குக் குறையாமல் சூடாக வைத்திருக்க வேண்டும். பிய்த்த கறியை நாலு மணி நேரம் அந்தச் சூட்டில் வைத்தால் வறண்டுதான் போகும், அதை மறைக்கத்தான் சாஸ். அதனால் மூன்றாவது, சாஸைத் தனியாகத் தரச் சொல். முகம் சுளித்தால் அடுத்த வண்டிக்கு நட. கறியில் சாஸ் ஏற்கெனவே கலந்து நீந்துகிறது என்றால் கேட்கவே வேண்டாம். சைடர் வினிகரும் மிளகாயும் கலந்து லேசாகத் தெளித்திருந்தால் மட்டும் அது நல்ல கை. கொழுப்பை வெட்டப் புளிப்பு வேண்டும், சர்க்கரையால் அது ஆகாது.

பன்னில் பிரியோஷ் என்றால் எனக்கு எரிச்சல். வெண்ணெயும் முட்டையும் சர்க்கரையும் போட்டது, இனிப்புக் கறிக்கு இனிப்பு ரொட்டி. போதாததற்கு, சாறு பட்டதும் அடிப்பாகம் கரைந்து கையோடு வரும். மாவு தூவிய சாதா வெள்ளை ரோல்தான் இதைத் தாங்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு உண்மையான சேதிக்கு வருகிறேன், மாப்ள. இங்கிலாந்துக்கு வந்து அமெரிக்கக் கறியை ஏன் தேடுகிறாய்? இவர்களுக்கே சொந்தமாக ஒன்று இருக்கிறது: ஹாக் ரோஸ்ட். முழுப் பன்றியை ராத்திரி முழுக்கச் சுட்டு, பிய்த்து, ரோலில் வைத்து, சேஜ் இலை வெங்காயம் சேர்த்த ஸ்டஃபிங், ஆப்பிள் சாஸ், மேலே மொறுமொறுவென்று கிராக்லிங், அதாவது பொரிந்த தோல். புகை கிடையாது, மசாலா கிடையாது, உப்புதான். சந்தை, திருவிழா, கல்யாணம் எல்லாவற்றிலும் உண்டு. தினமும் நம்பிப் போகக்கூடிய இடம் என்றால் ஸ்காட்லாந்தில் எடின்பரோ விக்டோரியா தெருவில் இருக்கும் ஓய்ங்க் கடை. தெற்கு ஸ்காட்லாந்தின் பார்டர்ஸ் பக்கத்து விவசாயிகள் இரண்டு பேர் 2008-ல் தொடங்கினது. ஜன்னலிலேயே முழுப் பன்றி படுத்திருக்கும். காலையில் முழு உருவம், மதியம் பாதி, சாயங்காலம் தலை மட்டும். தீர்ந்தால் கடை மூடிவிடும், அதனால் பன்னிரண்டு மணிக்கு முன்னால் போ. ரோல் மூன்று அளவு: பிக்லெட், ஓய்ங்க், கிரண்டர். நீ கிரண்டர்தான் கேட்பாய், தெரியும். நடுவில் இருப்பதை வாங்கு, போதும். ஸ்டஃபிங்கில் சேஜ் அல்லது ஹாகிஸ் என்று கேட்பார்கள். ஹாகிஸ் என்று சொல்: ஆட்டு ஈரல், இதயம், நுரையீரல், ஓட்ஸ், வெங்காயம், நிறைய மிளகு. குடல் கறிக்காக ஹாஸ்டல் சுவர் ஏறிக் குதித்த உனக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

கிராக்லிங்கை மட்டும் கவனி. தோல் குமிழ் குமிழாகப் பொங்கி, கண்ணாடி போல உடைய வேண்டும். சுடும் முன் தோலைக் கீறி, உப்புத் தேய்த்து, ஈரம் போக உலர்த்தி, 220 டிகிரி சூடு காட்டினால்தான் அது வரும். ஈரத் தோல் பொங்காது, பல்லை உடைக்கும் தோல்பட்டையாகிவிடும். நல்ல கிராக்லிங்கையும் மூடிய டப்பாவில் கறியோடு வைத்தால் பத்து நிமிஷத்தில் தொய்ந்துவிடும். ஆகவே பார்சல் வாங்காதே, நின்ற இடத்திலேயே தின்று முடி.

எடின்பரோ வரை வர முடியாவிட்டால் ஷெஃபீல்ட். அங்கே பெரெஸ் என்ற பன்றிக்கறிக் கடைகள் ஊர் முழுக்க இருக்கின்றன, தொடங்கியவர் ஹங்கேரியிலிருந்து வந்தவர். சுட்ட கறி, ஸ்டஃபிங், ஆப்பிள் சாஸ், கிராக்லிங் எல்லாம் வட்ட ரொட்டியில் வைத்துத் தருவார்கள். உட்கார்ந்து சாப்பிடும் சமாச்சாரம் இல்லை, பஸ் பிடிக்கப் போகிறவர்கள் வாங்குவது. நியூகாஸில் வழியாகப் போவதாக இருந்தால் மெட்ரோ ஏறி சவுத் ஷீல்ட்ஸ் போய் டிக்சன்ஸ் கடையில் ஒரு ‘சாவெலாய் டிப்’ வாங்கு. சிவப்பு சாசேஜ், ஸ்டஃபிங், கடுகு, அதோடு பீஸ் புட்டிங். அது நம் பருப்பு மசியலேதான், தாளிப்பு மட்டும் இல்லை. ரொட்டியை கிரேவியில் முக்கித் தருவார்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம்.

லண்டனில் இருக்கும் நாட்களுக்கு: பரோ மார்க்கெட் திங்கட்கிழமை கிடையாது. சனிக்கிழமை போனால் தோளோடு தோள் உரசித்தான் நகர வேண்டும், செவ்வாய் புதனில் பதினொன்றரைக்குள் போய்விடு. பிளாக் பிக் என்ற கடையில் பொர்கெட்டா ரோல் தருகிறார்கள், இத்தாலிய முறைச் சுட்ட பன்றி, உன் ஆசைக்கு நெருங்கியது. கப்பகேசின் கடையில் சீஸ் டோஸ்ட், செடாரோடு வெங்காயமும் லீக்கும் வைத்து அழுத்திச் சுடுவது, தங்கச்சியின் வெள்ளிக்கிழமைச் சைவத்துக்கு ஆகும். ஆனால் இங்கே மரபான செடார் பலவற்றில் பாலை உறைய வைப்பது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட். அதை அவளிடம் சொல்வதா வேண்டாமா என்பது உன் வீட்டு விவகாரம். மால்ட்பி தெரு சந்தை சனி, ஞாயிறு மட்டும், ரயில் பாலத்து வளைவுகளுக்குப் பக்கத்தில் குறுகலான சந்து. உட்கார இடம் தேடாதே. பத்துப் பவுண்டை ஒட்டித்தான் எங்கும் விலை, அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் பசியோடு திரும்ப வேண்டியதுதான்.

இப்போது மாமனார். மாட்டுக்கறி தொடமாட்டார், மீன் சாப்பிடுவார், அதனால் ஃபிஷ் அண்ட் சிப்ஸ் போதும் என்று எழுதியிருக்கிறாய். போதாது. யார்க்ஷயர் பக்கம் நிறையக் கடைகளில் மீனையும் உருளைக்கிழங்கையும் பொரிப்பது மாட்டுக் கொழுப்பில். உள்ளூர்க்காரர்கள் அதைப் பெருமையாகச் சொல்வார்கள், சுவரிலேயே எழுதியிருக்கும். எழுதாத இடத்தில் ‘பீஃப் டிரிப்பிங்கா, வெஜிடபிள் ஆயிலா’ என்று கேட்டுவிட்டு வாங்கு. தெற்கே பெரும்பாலும் எண்ணெய்தான், ஆனாலும் கேள். கார்னிஷ் பேஸ்டி (கறி அடைத்துச் சுட்ட மாவுப் பண்டம்) என்று பெயர் போட்டிருந்தால் உள்ளே மாட்டுக்கறி நிச்சயம், விதியே அப்படி. உனக்கு சால்ட் பீஃப், அதாவது உப்பில் ஊறவைத்த மாட்டுக்கறி மேல் ஆசை இருந்தால், லண்டன் பிரிக் லேனில் பேகல் பேக் என்ற கடை இருபத்து நாலு மணி நேரமும் திறந்திருக்கும். மாமனார் தூங்கின பிறகு கிளம்பு. கடுகும் ஊறுகாய் வெள்ளரியும் வைத்துத் தடிமனாக வெட்டித் தருவார்கள்.

கடுகு என்றதும் சின்னவனின் கடுகு ஒவ்வாமை ஞாபகம் வருகிறது. இதில் விளையாட்டு இல்லை, கவனமாகப் படி. வீட்டில் தாளிப்பில்லாமல் சமைத்துத் தப்பித்துவிடுகிறீர்கள். இங்கே கடுகு கண்ணுக்குத் தெரியாது. கறி மேல் தடவும் மசாலாவில் கடுகுப் பொடி இருக்கும், பார்பெக்யூ சாஸில் இருக்கும், மயோனைஸில் இருக்கும், கோல்ஸ்லாவில் இருக்கும், சாசேஜிலும் இருக்கலாம். நல்ல வேளையாக, இங்கே சட்டம் கட்டாயமாகச் சொல்லச் சொல்லும் 14 ஒவ்வாமைப் பொருள்களில் கடுகும் ஒன்று. தெரு வண்டிக்காரருக்கும் அது பொருந்தும். கடையிலேயே செய்து முன்கூட்டியே சுற்றி வைத்த சாண்ட்விச்சில் 2021 அக்டோபரிலிருந்து முழுப் பொருள் பட்டியலும் ஒட்டியிருக்க வேண்டும். கண்முன்னே செய்து தருவதற்கு வாயால் சொன்னால் போதும் என்பதால் நீதான் கேட்க வேண்டும். வரிசையில் நிற்கும்போதே கேட்காதே, ஆள் குறைந்த நேரத்தில் போய்க் கேள். ‘இருக்காது என்று நினைக்கிறேன்’ என்று பதில் வந்தால் வாங்காதே. எழுதி வைத்த பட்டியலை எடுத்துப் பார்ப்பவரை மட்டும் நம்பு.

பட்டியல் சரியாக இருந்தாலும் கத்தி இருக்கிறது. ஹாக் ரோஸ்டில் கறிக்கு உப்பு மட்டும்தான் என்றாலும், அதே கத்தியால் முந்தின ஆளுக்குக் கடுகு தடவியிருப்பார்கள். புதுக் கையுறை, புது இடுக்கி, புதுப் பலகை கேள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள், இங்கே தினமும் கேட்கிற விஷயம். அவனுடைய ஒவ்வாமை ஊசி மருந்தைப் பெட்டியில் போட்டுவிட்டு வராதே, ஊசி இரண்டும் எப்போதும் தோள் பையில் இருக்கட்டும். அவசரத்துக்கு 999.

சுத்தம் பற்றிக் கேட்டிருந்தாய். பச்சைக் கறுப்பு ஸ்டிக்கரில் 0 முதல் 5 வரை மதிப்பெண் இருக்கும். வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் ஒட்டியே ஆக வேண்டும், இங்கிலாந்தில் கட்டாயமில்லை. ஒட்டாமல் விட்டவன் 5 வாங்கியிருக்க வாய்ப்பு குறைவு என்பது என் கணக்கு. ஸ்காட்லாந்தில் எண் கிடையாது, தேறிய கடையில் ‘பாஸ்’ என்று இருக்கும்.

எடின்பரோ எந்த நாள் என்று சீக்கிரம் சொல். லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து ரயிலில் நாலரை மணி நேரம், டிக்கெட் முன்கூட்டியே போட்டால் கட்டணம் கணிசமாகக் குறையும். கிளம்புவதற்கு முந்தின நாள் எடுத்தால் மாமனார் பெயரில் இன்னொரு டிக்கெட் எடுக்கிற காசு போய்விடும். ஐந்து பேருக்கும் சேர்த்து நானே போட்டுவிடுகிறேன், தேதி மட்டும் வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்

பி.கு: அம்மா உப்புக்கண்டம் கட்டித் தருகிறேன் என்பார், பால்கோவாவும் என்பார். வாங்கி வந்துவிடாதே. இந்தியாவிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் உள்ளே விடமாட்டார்கள், விமான நிலையத்தில் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். முறுக்கு கொண்டுவா, கைமுறுக்கு.