மதினிக்குப் பேறுகாலம்

நிஷிகசாய், தோக்கியோ

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். பாப்பா குப்புற விழ ஆரம்பித்துவிட்டாள். பிரசவத்துக்கு வர முடியவில்லையே என்று போனில் இன்னமும் புலம்புகிறாய். அப்பாவை அந்த நிலையில் விட்டுவிட்டு நீ எப்படி வந்திருக்க முடியும்? அந்தப் பேச்சை விடு.

இந்த ஊர்க்காரிகளிலும் நிறையப் பேர் நம்மைப் போலத்தான், தெரியுமா? எட்டாம் மாதம் வாக்கில் தாய்வீட்டுக்குப் போய், அங்கேயே பெற்று, பிள்ளைக்கு ஒரு மாதம் ஆனதும் திரும்புகிறார்கள். சாத்தோகயேரி என்று பேர். கை நிறைய வளையல்தான் கிடையாது. எதிர்வீட்டுப் பெண் நீகாதாவுக்குப் போயிருந்தாள். புருஷன் லீவு நாளில் புல்லட் ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். அவள் திரும்பி வந்தபோது பிள்ளையை எப்படித் தூக்குவதென்றே அவனுக்குத் தெரியவில்லை. நம் அண்ணன் மட்டும் என்னவாம்!

தாய் இல்லாதவள், தாய் வேலைக்குப் போகிறவள், என்னைப் போலக் கடல் தாண்டி இருப்பவள் என்ன செய்வாள்? பெற்றவளும் பிள்ளையும் போய்த் தங்குவதற்கென்றே இங்கே இடம் இருக்கிறது. அந்தந்த ஊர் நகராட்சி இதற்கு முயற்சி எடுக்க வேண்டும் என்பது 2021-லிருந்து சட்டத்திலேயே உண்டு. நானும் சில நாள் தங்கினேன். பால் கட்டிக் கல்லாக இருந்த மார்பை மருத்துவச்சி நீவிவிட்டார். “ராத்திரி நான் பார்த்துக்கொள்கிறேன், நீ தூங்கு” என்று தொட்டிலைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். விடியும்வரை தூங்கினேன். பூண்டுக் குழம்புக்குப் பதில் மிசோ சூப்பும் சுட்ட மீனும். லேகியம் இல்லாமலும் பால் ஊறியது, நீ நம்ப மாட்டாய்.

சரி, எழுத உட்கார்ந்ததே மதினிக்காகத்தான். தலைப்பிரசவத்துக்கு அவர் அம்மா இருந்தார். இப்போது இல்லை. இருந்திருந்தாலும் ரெண்டாவது நம் வீட்டில்தான் என்றிருப்பீர்கள். புகுந்த வீட்டில் பெற்றவள் பச்சை உடம்போடு பத்தாம் நாளே அடுப்படியில் நிற்பதையும் பார்த்திருக்கிறோம். உன் ரெண்டாம் பிரசவத்தில் அப்பத்தா உன்னை எப்படி வைத்திருந்தார் என்று நீயே எத்தனை தடவை சொல்லி அழுதிருக்கிறாய்!

எனக்கு என்னவெல்லாம் செய்ய ஆசைப்பட்டாயோ, அதையெல்லாம் மதினிக்குச் செய். பாத்திரம் துணிக்கு ஆள் வை, பணம் நான் அனுப்புகிறேன். பெரியவனைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்புவது அண்ணன் பொறுப்பு. ராத்திரி சின்னது அழுதால் அவனே எழுந்து தூக்கட்டும். இதை நீ சொல்ல வேண்டாம், உனக்கு வாய் வராது. ஞாயிற்றுக்கிழமை நானே அவனுக்குப் போன் போடுகிறேன்.

அப்பாவிடம் மாத்திரையை நேரத்துக்குப் போடச் சொல்.

உன் மகள்