பதினோரு வளைவுகளைத் தாண்ட வைத்தவர்களுக்கு

கிறிஸ்துவுக்குள் அன்பான எங்கள் சேகரத்துச் சபையாருக்கும், இந்த மடல் தங்களுக்குத்தான் என்று நினைக்கவே மாட்டாத இன்னும் சிலருக்கும் ஸ்தோத்திரம்.

இந்த ஜூன் மாதத்திலிருந்து நானே ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறேன். மீனாட்சிபுரத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு, தாமிரபரணியின் மேலுள்ள சுலோசன முதலியார் பாலம் வழியாக. வெளியூர்க்காரர்கள் இதெல்லாம் ஒரு செய்தியா என்பார்கள். உங்களுக்குத் தெரியும்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. மழை விடவே இல்லை. மறுநாள் தாமிரபரணி திருநெல்வேலி ஜங்ஷனுக்குள்ளேயே வந்துவிட்டது. குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கியது. எங்களுக்குப் பெரிய சேதமில்லை. அம்மாவும் நானும் மாடிவீட்டில் இரண்டு ராத்திரி இருந்தோம். பீரோவின் அடித்தட்டுத் துணிகளும் ஒரு பழைய பாமாலைப் புத்தகமும் போயின. உயிரையும் வீட்டையும் இழந்தவர்கள் இருக்கும்போது, நான் பயந்துபோனேன் என்று யாரிடம் சொல்ல?

சொல்லாமல் விட்டது பிப்ரவரியில் வந்து நின்றது. திங்கட்கிழமை காலை, பாலத்தின் நடுவில், ஒரு டவுன் பஸ்ஸின் பின்னால் என் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. கீழே ஆறு சாதுவாகக் கிடந்தது, கரையோரம் அமலைச்செடி, நடுவில் கொஞ்சம் தண்ணீர். திடீரென்று காது அடைத்தது. இரண்டு கையும் மரத்துப்போய், மூச்சு தொண்டைக்கு மேலேயே நின்றது. செத்துக்கொண்டிருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். இசிஜியில் ஒன்றுமில்லை. அந்த வாரமே இன்னும் இரண்டு தடவை வந்தது. அப்புறம் பாலம் பக்கமே போகவில்லை. ஆனால் இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் வேலையும் இருப்பவள், எந்த வழியாகச் சுற்றினாலும் ஆற்றைத் தாண்டியாக வேண்டும். லோ பிபி என்று பள்ளிக்கூடத்தில் பொய் சொல்லி லீவு எடுத்தேன்.

அந்த நாட்களில் ஒரு உபவாச ஜெபத்தில் வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் என் தலையில் கைவைத்து, அறிக்கையிடாத பாவம் ஏதோ இருக்கிறது, மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்றார். டாக்டர் தந்திருந்த மாத்திரையை நான் நிறுத்தினேன். மூன்றாவது வாரம் வீட்டுச் சமையலறையிலேயே அது வந்தது. ஆறுமில்லை, பாலமுமில்லை, அடுப்பில் பால்தான் பொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெரியவர்மேல் இப்போது கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கொஞ்சம் இருக்கிறது.

போதகர் ஐயா, நீங்கள் அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தீர்கள். பெரிய ஜெபமாகப் பண்ணுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். வேதாகமத்தை எடுத்து எலியா தீர்க்கதரிசியின் கதையை வாசித்தீர்கள். கர்மேல் மலையில் அத்தனை பேருக்கு முன்னால் நின்றவர், ராணி யேசபேல் ஒரு வார்த்தை மிரட்டிச் சொல்லியனுப்பியதும் ஓடிப்போய்ச் சூரைச்செடியின் கீழே படுத்து, "போதும் கர்த்தாவே" என்கிறார். தேவதூதன் வந்து அவரைக் கடிந்துகொள்ளவில்லை, பாவத்தை அறிக்கையிடு என்று சொல்லவில்லை. எழுந்து சாப்பிடு என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டுவிட்டு எலியா என்ன செய்தார் என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியவில்லை. ஞாயிறு பள்ளியில் பத்து வருஷம் இந்தக் கதையைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். "திரும்பப் படுத்துக்கொண்டார் டீச்சர்" என்றீர்கள். அன்றைக்குத்தான் சிரித்தேன், எத்தனையோ நாள் கழித்து.

மறுநாளே உங்கள் வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் கஞ்சியும் பயறும் வந்தது.

டாக்டர் சார், நெற்றி நிறையத் திருநீறோடு உட்கார்ந்திருந்த நீங்கள், நான் மாத்திரையை நிறுத்திய காரணத்தைக் கேட்டுக் கோபப்படவில்லை. "சாமியை விடச் சொல்லலம்மா, மாத்திரையை விடாதீங்கன்னுதான் சொல்றேன். உங்க சர்ச் ஐயரையும் ஒருநாள் கூட்டிட்டு வாங்க" என்றீர்கள். வருவது மாரடைப்பில்லை, ஓடித் தப்பிப்பதற்காக உடம்பு அடிக்கும் மணி, காரணமில்லாமல் அடிக்கிறது. பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கிவிடும் என்று பேப்பரில் ஒரு மலையை வரைந்து காட்டினீர்கள். பாலத்தைத் தவிர்க்கிற ஒவ்வொரு தடவையும் பயத்துக்குத் தீனி போடுகிறீர்கள் என்றும் சொன்னீர்கள். அந்தப் பேப்பர் இன்னும் என் வேதாகமத்துக்குள் சங்கீதம் 56 பக்கத்தில் இருக்கிறது. "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்ற வசனத்தை அதுவரை பயம் போன பிறகு பாட வேண்டியதாகவே நான் வாசித்திருந்தேன். பயப்படுகிற நாளில் என்றுதானே இருக்கிறது!

ஐயரம்மா, போதகர் ஐயாவின் வீட்டம்மாவான உங்களுக்கு எப்படி நன்றி சொல்ல? ஆகஸ்டிலிருந்து வாரம் மூன்று நாள், காலை ஆறு மணிக்கு, முழங்கால் வலியோடு என்கூட நடந்தீர்கள். முதல் நாள் ஒரு விளக்குக் கம்பம் வரைக்கும். எனக்கு வியர்த்துக் கொட்டியது, நீங்கள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று கடிகாரத்தைப் பார்த்தீர்கள். எட்டாவது நிமிஷம் நெஞ்சு இறங்கத் தொடங்கியது. "சரி, காப்பி குடிக்கப் போவோம்" என்றீர்கள். அடுத்த வாரம் இரண்டு கம்பம். நடக்கும்போது நீங்கள் ஜெபித்ததாக எனக்கு நினைவில்லை; மருமகளைப் பற்றித்தான் பேசினீர்கள். ஒருநாள் கீழே வளைவுகளை எண்ணச் சொன்னீர்கள். பதினொன்று. சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தில் கட்டி 1843-இல் திறந்த பாலம், அந்த வெள்ளத்துக்கும் நின்றதே என்றீர்கள். பாலத்தின் அந்தப் பக்கம், கொக்கிரகுளம் கரையை நான் கால்வைத்து மிதித்தது டிசம்பர் முதல் வாரம். அன்றும் பயமாகத்தான் இருந்தது.

ஆட்டோ அண்ணாச்சி, பாதிப் பாலத்தில் நான் இறங்குகிறேன் என்று அலறியபோது வண்டியைத் திருப்பி வீட்டில் விட்டு, "பாதிதானே டீச்சர்" என்று காசு வாங்காமல் போனீர்கள். அதற்குப் பிறகு பாலம் ஏறுகிற இடம் வந்தாலே கத்தரிக்காய் விலையை ஆரம்பிப்பீர்கள். தற்செயல் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

முதல் பீரியடை மாற்றித் தந்த தலைமையாசிரியை, கேள்வியே கேட்காமல் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து வந்த கணக்கு டீச்சர், உங்களுக்கும். அம்மாவுக்குத் தனியாகச் சொல்லிவிட்டேன்.

இன்னும் மாத்திரை உண்டு, குறைந்த அளவில். மழை பெய்கிற ராத்திரிகளில் தூக்கம் சரியாக வருவதில்லை. சபையார் கூடிச் சாப்பிடும் போன அசனப் பண்டிகையில் வேதபாடம் வாசிக்க எழுந்தபோதுகூடக் கால் நடுங்கியது, வாசித்து முடித்தேன்.

ஐயரம்மா, மாற்றலாகிப் பாளையங்கோட்டைக்குப் போன அவசரத்தில் உங்கள் தூக்குச்சட்டியை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டீர்கள். வெறும் சட்டியாகத் திருப்பக் கூடாது என்று அம்மா பிடிவாதம். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கூட்டாஞ்சோறோடு வருகிறேன். மதியத்துக்கு உலை வைத்துவிடாதீர்கள்.